சிமுலேட்டரில் போயிங் 707 விமானத்தை உருட்டினால் மூக்கு குப்புற விழுகிறது, எங்கே தப்பு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். பத்து நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

1955 ஆகஸ்டில் சியாட்டில் பக்கம் வாஷிங்டன் ஏரிக்கு மேலே சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன் போயிங் 367-80 விமானத்தை இரண்டு முறை முழுசாக உருட்டினார் அல்லவா? படகுப் போட்டி பார்க்க வந்த கூட்டம் அண்ணாந்து பார்த்தது, போயிங் தலைவர் பில் ஆலனும் அங்கேதான் இருந்தார். அந்த பேரல் ரோலை (விமானம் பக்கவாட்டில் உருண்டு, தலைகீழாகி, மறுபடி நேராவது) வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க ஆசை. அந்த விமானம் என்னிடம் இல்லை, அதன் வழியில் வந்த 707 இருக்கிறது.

12,000 அடி, 300 நாட், ஆட்டோபைலட் ஆஃப். மூக்கை 10 டிகிரி தூக்கிவிட்டு ஸ்டிக்கை இடப்பக்கம் பாதி சாய்க்கிறேன். 90 டிகிரி வரை அழகாகப் போகிறது. தலைகீழானதும் மூக்கு தொங்க ஆரம்பிக்கிறது. தொங்குகிறதே என்று ஸ்டிக்கை என் பக்கம் இழுத்தால் இன்னும் வேகமாகக் கீழே பாய்கிறது. நேற்று மட்டும் 7,000 அடி போனது, ஓவர்ஸ்பீட் மணி நிற்கவே இல்லை. ஸ்டிக்கில் கோளாறா, என் கையிலா?

சித்தூர் வாத்தியார்:
ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. தலைகீழாக இருக்கும்போது இழுக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. நேராகப் பறக்கும்போது இழுத்தால் மூக்கு வானத்துக்குப் போகும். கவிழ்ந்து கிடக்கும்போது அதே இழுப்பு மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகும். இறக்கையின் தூக்குவிசையும் புவியீர்ப்பும் சேர்ந்து ஒரே திசையில், கீழே இழுக்கின்றன.

ஒன்று கேட்கிறேன், முழு உருட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இப்போதுதான் செல்போனில் நேரம் பார்த்தேன் சார். 22 நொடி.

சித்தூர் வாத்தியார்:
அப்படியென்றால் காரணம் அதுதான். பேப்பர் எடுத்து என்னோடு போடுங்கள்.

ஒரே சீராக உருட்டினால், தூக்குவிசை சுற்றின் ஒரு பாதியில் மேலே தள்ளுகிறது, மறு பாதியில் கீழே. கூட்டிக் கழித்தால் சுழி. மிஞ்சுவது புவியீர்ப்பு மட்டும், அது ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 10 மீட்டர் வீதம் உங்கள் ஏறும் வேகத்தைத் தின்கிறது. 300 நாட் என்றால் நொடிக்கு 154 மீட்டர். மூக்கு 10 டிகிரி மேலே இருந்தால் ஏறும் வேகம் 27 மீட்டர்தான். 22 நொடியில் 220 போய்விடும். 27-ல் 220-ஐக் கழித்தால் என்ன ஆகும்? விமானத்தின் மொத்த வேகமே 154. அதனால்தான் மூக்கு தரையைப் பார்க்கிறது.

25 டிகிரி தூக்குங்கள். 65 மீட்டர் கையிருப்பு கிடைக்கும். அப்புறம் ஸ்டிக்கை முழுசாகச் சாய்த்து 12, 13 நொடிக்குள் சுற்றை முடியுங்கள். ஏறின கோணத்துக்கு ஏறக்குறைய அதே கோணத்தில் இறங்கி வெளியே வருவீர்கள். அங்கே, இறக்கை நேரான பிறகு, பதற்றமில்லாமல் இழுங்கள்.

வாளையார் பழைய ஃபிட்டர்:
வாத்தியார் கணக்கோடு ஒரு வார்த்தை. கவிழ்ந்திருக்கும்போது ஸ்டிக்கை முன்னாலும் தள்ளிவிடாதீங்க. லேசான இழுப்பு இருக்கணும், உடம்பு சீட்டில் ஒட்டியிருக்கிற அளவுக்கு மட்டும். சின்ன வயசில் கிணற்றடியில் சொம்புத் தண்ணியைத் தலைக்கு மேலே சுற்றியிருப்பீங்க. சொம்பு கவிழ்ந்தாலும் தண்ணி அடியோடு ஒட்டிக்கொண்டு வரும், கை தயங்கினால்தான் தலையில் கொட்டும். டேங்கில் எரிபொருளும், என்ஜினில் ஆயிலும் அப்படித்தான். ஜி மீட்டர் (நம்ம எடை எத்தனை மடங்காகத் தெரியுதுன்னு காட்டுற கருவி) சுழிக்குக் கீழே போகாத வரைக்கும் அதுகளுக்குக் கவிழ்ந்ததே தெரியாது.

இதை '1 ஜி விளையாட்டு' என்று சொல்வாங்க. முழுசும் சரியில்லை. மூக்கைத் தூக்கும்போதும் கடைசியில் மீட்கும்போதும் 1-க்கு மேலே போயே ஆகணும். பயணிகள் விமானத்துக்கு வகுத்த எல்லை 2.5. நடுவில் தப்பு செய்தால் கடைசியில் இழுக்கிற இழுப்பு அந்த எல்லையைத் தாண்டும்.

மீனாட்சிபுரம் மாணவி:
நான் ஏர்பஸ் ஏ320-ல் இதே முயற்சி செய்தேன் அண்ணா. ஸ்டிக்கை முழுசாகச் சாய்த்தாலும் 67 டிகிரியில் நின்றுவிடுகிறது. விட்டால் தானே 33-க்குத் திரும்புகிறது. செட்டிங்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

வாளையார் பழைய ஃபிட்டர்:
ஒன்றும் மாற்ற வேண்டாம் பாப்பா, அது கோளாறு இல்லை. நார்மல் லா-வில், அதாவது கம்ப்யூட்டர் காவல் முழுசாக இருக்கிற வழக்கமான நிலையில், ஏர்பஸ் கம்ப்யூட்டர் 67-க்கு மேல் விடாது, நிஜ விமானத்திலும் அப்படியே. 707-ல் நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது.

அந்தக் காவல் எதற்கு என்று தெரிய வேண்டுமானால் 1979 ஏப்ரல் 4-ஐப் பாருங்க. டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 841-ஆம் எண் பயணம், போயிங் 727. 39,000 அடியில் சாய ஆரம்பித்து, உருண்டு, சுழன்றுகொண்டே ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் சுமார் 5,000 அடிக்கு வந்தது. விமானிகள் சக்கரத்தை இறக்கி வேகத்தைக் குறைத்துப் பார்த்தாங்க, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்லாட் (slat) என்ற நகரும் தகடு ஒன்று பிய்ந்துபோனது. டெட்ராய்ட்டில் இறங்கினப்போ எல்லோரும் உயிரோடு இருந்தாங்க. வழவழப்பான ஜெட் மூக்கு குனிந்தால் வேகம் எப்படி ஏறும் என்பது உங்க ஓவர்ஸ்பீட் மணி சொன்னதுதான். ஜான்ஸ்டன் செய்தது, அந்த விமானத்தை அணு அணுவாக அறிந்த சோதனை விமானி செய்த காரியம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வந்துவிட்டது சார்! ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதைக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

25 டிகிரி, முழு ஸ்டிக், 13 நொடி. ஜன்னல் பார்வைக்கு மாற்றிப் பார்த்தேன். என்ஜின்கள் இறக்கைக்குக் கீழேதான் நிற்கின்றன, ஆனால் தலைக்கு மேலே வயல்வெளி. ஜி மீட்டர் தூக்கும்போது 1.8, தலைகீழில் 0.6, மீட்கும்போது 1.9. ஆரம்பித்த உயரத்திலிருந்து 400 அடிதான் குறைந்தது.

அப்புறம் வலப்பக்கம் ஒன்று செய்தேன். கை கொஞ்சம் தயங்கி 14 நொடி ஆனது, மூக்கு 4 டிகிரி கூடுதலாக இறங்கியது. ஒரு நொடி கூடினதற்கு 10 மீட்டர், அதை 154-க்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அதே 4 டிகிரிதான் வருகிறது.