கொக்கைன் கொடுத்த எலி மூளையில் 2-ஏஜி ஏறுதா, இல்லையா?

நாகமலை:
மதுரையில நடக்கப்போற ஒரு மருந்தியல் கருத்தரங்குக்கு வந்த ஆய்வுச் சுருக்கம் குழுவுல சுத்துது. எலிக்கு கிலோவுக்கு 20 மி.கி. கொக்கைன் ஒரே ஊசி, அரை மணி கழிச்சு முழு மூளையை அரைச்சு எல்சி-எம்எஸ்ல (சேர்மங்களைப் பிரிச்சு நிறையை வச்சு அளக்கிற கருவி) பார்த்தா 2-ஏஜி கூடியிருக்காம். 2-ஏஜின்னா மூளை தானே உருவாக்குற கஞ்சா மாதிரிப் பொருள், அதாவது ஒரு எண்டோகன்னாபினாய்டு. நான் நம்பல. 2007ல வந்த மைக்ரோடயாலிசிஸ் (மூளைக்குள்ள நுண்குழாய் விட்டுத் திரவத்தைச் சேர்த்து அளக்கிறது) ஆய்வுல எலி தானா நெம்புகோலை அமுக்கி கொக்கைன் ஏத்திக்கிட்டப்போ, மூளையோட வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ்ல 2-ஏஜியும் அசையல, இன்னொரு எண்டோகன்னாபினாய்டான ஆனந்தமைடும் அசையல. அதே ஆய்வுல ஆல்கஹாலுக்கு 2-ஏஜி ஏறுச்சு, ஹெராயினுக்கு ஆனந்தமைடு ஏறுச்சு. அதனால அளந்த முறையைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

அழகர்மலை:
அண்ணே, நீங்க தேடுற இடமே வேற. டோபமின் செல்லுங்க இருக்கிற நடுமூளைப் பகுதியான விடிஏவைப் பாருங்க. 2015ல எலி மூளைச் சீவல்ல காட்டினது இது: கொக்கைன் நார்எபிநெஃப்ரினைத் திரும்ப உறிஞ்ச விடாது, அது டோபமின் செல்லுல இருக்கிற ஆல்ஃபா-1 ஏற்பியைத் தட்டுது, 2-ஏஜி உருவாகிப் பின்னோக்கிப் போய் டோபமின் செல்லை அடக்குற காபா நரம்பு முனையில இருக்கிற சிபி1 ஏற்பியில உட்காருது. காபா குறையுது, டோபமின் செல்லுக்குப் பிரேக் விடுது. சினாப்ஸ்ல நொடிக்கணக்குல முடியிற சமாச்சாரத்தை, பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னு சேர்க்கிற குழாய் எப்படிப் பிடிக்கும்?

நாகமலை:
அது மின்பதிவு தம்பி. சிபி1ஐ அடைச்சா விளைவு போகுது, அதனால 2-ஏஜி வந்திருக்கணும்னு ஊகம். நல்ல ஊகம்தான், மறுக்கல. ஆனா விடிஏல ஒரு துளி ஏறினா முழு மூளைக் கூழ்ல அது தெரியவே தெரியாது. அப்ப சுருக்கத்துல இருக்கிற ஏற்றம் எங்கிருந்து வந்துச்சு?

திருநகர்:
வெட்டுன கத்தியில இருந்து வந்திருக்கும். பறிச்ச மல்லி மொட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விரியுதே, அந்த மாதிரி. தலை துண்டான பிறகும் நொதிக்கு வேலை நிக்காது. 2-ஏஜி முதல் நிமிஷத்துக்குள்ளயே எகிறி அப்புறம் இறங்கும். ஆனந்தமைடு மணிக்கணக்கா மெல்ல ஏறிக்கிட்டே போகும். ஒரு குழுவை 40 நொடியிலயும் இன்னொண்ணை 90 நொடியிலயும் உறைய வச்சா, கொக்கைனே இல்லாம "விளைவு" கிடைக்கும்.

அடுத்தது வேதியியல். 2-ஏஜி சும்மா இருக்காது, 1-ஏஜியா இடம் மாறும். மெத்தனால், காரம், சூடு மூணும் அதைத் தூண்டும். கத்திரி வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல குப்பியை விட்டுட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா முடிஞ்சது. டியூட்டீரியம் ஏத்தின உள்தரத்தை (ஒப்பிட்டு அளக்கச் சேர்க்கிற, அளவு தெரிஞ்ச 2-ஏஜி) அரைக்கிறதுக்கு முன்னாடியே போடணும், கடைசியில போட்டா இழப்பு கணக்குல வராது. எல்சி-எம்எஸ்ல 2-ஏஜியைக் காட்டுற 379-ல இருந்து 287க்கான தடத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முகடு (2-ஏஜி, 1-ஏஜி) தெரிஞ்சா ரெண்டையும் கூட்டிச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் எடுத்தா பொய் கணக்கு.

அழகர்மலை:
மேடம், குவிமைக்ரோவேவ் கருவி வச்சு ஒரு நொடியில நொதியைக் கொல்றது எல்லாருக்கும் கட்டுமா? அது இல்லாத ஆய்வையெல்லாம் குப்பைன்னு ஒதுக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு?

திருநகர்:
ஒதுக்கச் சொல்லல. வெட்டுல இருந்து உறைதல் வரைக்கும் ஒரே நொடிக்கணக்கு, ஸ்டாப்வாட்ச்சோட. சலைன் எலி, கொக்கைன் எலின்னு மாத்தி மாத்தி எடுக்கணும். காலையில பூரா சலைன், மத்தியானம் பூரா கொக்கைன்னு வேண்டாம். பிடிச்சு அமுக்குற பதற்றமே எண்டோகன்னாபினாய்டை ஆட்டும், அதனால சில நாள் முன்னாடியே சலைன் ஊசி போட்டுப் பழக்கணும். முழு மூளை வேண்டாம், உறைஞ்ச சீவல்ல இருந்து 1 மி.மீ. துளையிட்டு விடிஏவை மட்டும் எடுங்க.

நாகமலை:
இன்னொண்ணு: 20 மி.கி.ன்னா உப்பா, வெறும் கொக்கைனா? ஹைட்ரோகுளோரைடா இருந்தா உள்ள போறது 17.9தான். சுருக்கத்துல அதுவும் இல்ல.

அழகர்மலை:
அதை ஒத்துக்கிறேன். ஆனா 2004ல ஒரே ஒரு கொக்கைன் ஊசிக்குப் பிறகு அக்கம்பன்ஸ்ல எண்டோகன்னாபினாய்டு வழி நடக்கிற நீண்டகாலத் தளர்வே (சினாப்ஸ் இணைப்பு வலுக்குறையிறது) காணாமப் போனதைச் சுண்டெலியில காட்டினாங்க. அங்க 2-ஏஜி அளவு கதையே இல்ல, எம்ஜிஎல்யூ-ஆர்5ங்கிற குளூட்டமேட் ஏற்பி செல் மேற்பரப்புல குறைஞ்சு போச்சு. அளவு மாறலன்னா அமைப்பு மாறலன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே.

நாகமலை:
நான் அப்படிச் சொல்லவே இல்லையே. மேல போய் வாசிங்க.