ஃபுல் பிளேட் செய்ய 42 வாரமா? கவசம் செய்யறதை வேகமாக்க வழி உண்டா? (பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு)

அஞ்சாம்லெவல் கேட்டது:

வணக்கம். பாத்ஃபைண்டர்ங்கற டைஸ் உருட்டற கதைவிளையாட்டோட முதல் பதிப்பு ஆடுறோம், எல்லாரும் 5-ஆம் லெவல். என் ஃபைட்டருக்கு கிராஃப்ட் (கைவினை) கவசத்துல 5 ரேங்க் (கத்துக்கிட்ட அளவு), கிளாஸ் ஸ்கில் 3, இன்டெலிஜென்ஸ் 1, ஆக மொத்தம் +9. ஊர்ல பட்டறை இருக்கு, சாதாரணக் கருவிகள் இருக்கு. அடுத்த சண்டைக்கு முன்னாடி 8 வாரம் ஓய்வுன்னு ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரு ஃபுல் பிளேட் (முழு உடம்பு இரும்புக் கவசம்) முடிக்கணும்.

நான் போட்ட கணக்கு: விலை 1,500 தங்கம், அதாவது 15,000 வெள்ளி. டிசி (செக்குல எட்ட வேண்டிய எண்) 19. டேக் 10 எடுத்தா (உருட்டாம 10 விழுந்ததா வச்சுக்கிட்டா) ரிசல்ட் 19. ரிசல்ட் × டிசி, 19 × 19 = 361 வெள்ளி ஒரு வாரத்துக்கு. 42 வாரம் வருது! இது சரியா? சரின்னா எதைக் கூட்டினா குறையும்? குழுவுல விசார்ட், கிளெரிக், ரோக் இருக்காங்க. கையில 1,100 தங்கம்.

---

கணக்குப்புலி:

கணக்கு சரிதான். விதியே அப்படித்தான் மெதுவா எழுதியிருக்கு. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: 8 வாரத்துல ஃபுல் பிளேட் கையால முடிக்கணும்னா வாரத்துக்கு 1,875 வெள்ளி வேணும். டிசியை ஏத்தி 29 வச்சாலும் ரிசல்ட் 65 வரணும். 5-ஆம் லெவல்ல அது நடக்காது. ஆனா 42-ஐப் பாதிக்கும் கீழ கொண்டுவரலாம், அந்த வழி மத்த கவசங்களுக்கும் உதவும்.

முக்கியமான விதி இதுதான்: செக் (திறமைச் சோதனை) போடறதுக்கு முன்னாடி நீங்களா விரும்பி டிசியில 10 கூட்டிக்கலாம். முன்னேற்றம் ரிசல்ட் × டிசி என்பதால பெருக்குற எண்ணுல ஒண்ணு, அதாவது டிசி, பெரிசாகுது. ஆனா அந்தக் கூடின டிசியைத் தாண்டணும். ஃபுல் பிளேட்டுக்கு 29. டேக் 10 எடுக்கப் போறீங்க, அதனால உங்க போனஸ் குறைஞ்சது +19 ஆகணும். இப்ப +9.

மாஸ்டர்வொர்க் (உயர்தர) கருவி 55 தங்கம், +2. விசார்ட் கிட்ட கிராஃப்டர்ஸ் ஃபார்ச்சூன் இருந்தா அது முதல் லெவல் ஸ்பெல், +5. ஆக +16. ஒருத்தர் கூட நின்னு உதவினா +18.

இங்கதான் நிறைய பேர் நிறுத்திடறாங்க. +18ன்னா ரிசல்ட் 28. 29க்கு ஒண்ணு குறையுது, அதனால டிசியை ஏத்த முடியாது. 28 × 19 = 532, 29 வாரம். ரெண்டாவது ஆளும் உதவினா +20, ரிசல்ட் 30. இப்ப 30 × 29 = 870, 18 வாரம். ஒரே ஒரு உதவியாள் 11 வாரத்தைக் குறைச்சிட்டார். அதனால போனஸைச் சும்மா சேர்த்துக்கிட்டே போகாதீங்க. டிசி + 10 என்கிற கோட்டைத் தாண்டுதான்னு மட்டும் பாருங்க.

உதவி செய்யறவங்க விஷயத்துலயும் ஒரு பொறி உண்டு. உதவிக்கு டிசி 10, கிராஃப்ட் கத்துக்காதவங்களும் முயற்சி பண்ணலாம். ஆனா உதவிக்கு டேக் 10 எடுக்க முடியாது, உருட்டித்தான் ஆகணும், அதனால +20 கணக்கெல்லாம் ரெண்டு உதவியும் கிடைச்சா மட்டும்தான். ரோக்குக்கு இன்டெலிஜென்ஸ் 8ன்னா -1, உதவி கிடைக்கற வாய்ப்பு குறையும். அவருக்கு அடுத்த லெவல்ல ஒரு ரேங்க் போடச் சொல்லுங்க. கிராஃப்ட் எல்லாருக்கும் கிளாஸ் ஸ்கில், அதனால ஒரு ரேங்க் போட்டாலே +4. எத்தனை பேர் உதவலாம்னு விதி வரம்பு சொல்லலை, அது ஜிஎம் முடிவு. ரெண்டு பேருக்கு மேல ஒரே அடைகல்லைச் சுத்தி நிக்க விடமாட்டேன்னு அவர் சொன்னா அதுவும் நியாயம்தான்.

---

டைஸ்மூட்டை:

டேக் 10 எடுக்காம உருட்டினா? 20 விழுந்தா 40 × 29, செம வேகமாச்சே.

---

கணக்குப்புலி:

வேண்டவே வேண்டாம். +20 வச்சு டிசி 29க்கு உருட்டினா 9-லேர்ந்து 20 வரைக்கும்தான் வெற்றி. 5 முதல் 8 வரை விழுந்தா அந்த வாரம் வீண். 1 முதல் 4 வரை விழுந்தா 5 அல்லது அதுக்கு மேல தோல்வி, மூலப்பொருள்ல பாதி பாழ். ஃபுல் பிளேட்டுக்கு மூலப்பொருள் விலையில மூணுல ஒரு பங்கு, 500 தங்கம். பாழானா 250 திரும்பக் கட்டணும். ஒவ்வொரு வாரமும் இதுக்கு 20 சதவீத வாய்ப்பு. சராசரி போட்டா உருட்டறவருக்கு வாரம் சுமார் 600 வெள்ளி, டேக் 10 எடுக்கறவருக்கு ரெண்டு உதவியும் கிடைச்சா 870. பட்டறையில யாரும் துரத்தலையே, நிதானமா 10 எடுங்க.

---

அஞ்சாம்லெவல்:

அருமை. ஒரு சந்தேகம்: கிராஃப்டர்ஸ் ஃபார்ச்சூன் லெவலுக்கு ஒரு நாள் மட்டும்தான் இருக்கும். விசார்ட் 5-ஆம் லெவல், செக் வாரத்துக்கு ஒரு தடவை. 5 நாள்ல ஸ்பெல் முடிஞ்சிடுமே?

---

பட்டறைக்காரன்:

இதுக்காகத்தான் நாள் கணக்கு இருக்கு. வாரத்துக்குப் பதிலா தினமும் செக் போடலாம், வர்ற எண்ணை 7-ஆல வகுத்துக்கணும். 870-க்கு நாளைக்கு 124 சொச்சம் வெள்ளி, மொத்த வேகம் மாறாது. விசார்ட் தினமும் காலையில ஒரு முதல் லெவல் ஸ்லாட் (அன்னைக்குப் போடக்கூடிய ஸ்பெல்கள்ல ஒண்ணு) செலவு பண்ணணும், ஓய்வு நாள்ல அது ஒரு பெரிய செலவில்லை. (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு விதியைப் பார்த்து ஆடாதீங்க. அதுல நாள் கணக்குக்கு வெள்ளிக்குப் பதிலா செம்புக்காசுன்னு போட்டிருக்கு, பத்துல ஒரு பங்கு. அங்க நாள் கணக்கு போட்டா வேகம் குறையும்.) டேக் 10 எடுக்கறதா இருந்தா மட்டும் நாள் கணக்குக்குப் போங்க. உருட்டறவருக்கு மூலப்பொருள் பாழாகற ஆபத்து வாரத்துக்கு ஏழு தடவை.

இப்ப கவசத்துக்கு வருவோம். அட்டவணையைத் திறந்து விலைப் பத்தியைப் பாருங்க. நேரத்தைத் தீர்மானிக்கறது இரும்பின் எடையோ வேலையின் கடினமோ இல்லை, விலை மட்டும்தான். ஃபுல் பிளேட் ஏசி (அடியைத் தடுக்கற எண்) 9, 1,500 தங்கம். ஹாஃப் பிளேட் ஏசி 8, 600. பேண்டட் மெயில் ஏசி 7, வெறும் 250. அதே +20 ஆளை வச்சுக் கணக்கு போட்டா ஹாஃப் பிளேட்டுக்கு 30 × 28 = 840, நாளைக்கு 120, 50 நாள். பேண்டட் மெயிலுக்கு 30 × 27 = 810, 22 நாள்.

மாஸ்டர்வொர்க் பகுதியைத் தனிப் பொருள் மாதிரி செய்யணும்: விலை 150 தங்கம், டிசி 20. 10 ஏத்தினா 30, உங்க ரிசல்ட்டும் சரியா 30. 900ஐ ஏழால வகுத்தா 12 நாள். ஹாஃப் பிளேட் 50 + 12 = 62 நாள், உங்க 56 நாளைத் தாண்டிடும். பேண்டட் மெயில் 22 + 12 = 34 நாள், மூலப்பொருள் மொத்தம் 134 தங்கத்துக்குள்ள. அட்டவணைப்படி ஹாஃப் பிளேட்டுக்கு டெக்ஸ் (சுறுசுறுப்பு) போனஸே சேராது, பேண்டட்ல 1 வரைக்கும் சேரும்; 5-ஆம் லெவல் ஃபைட்டருக்கு ஆர்மர் டிரெய்னிங் இருக்கறதால ரெண்டுலயும் இன்னும் 1 கூடும். டெக்ஸ் 14 இருந்தா உங்க ஃபைட்டருக்கு ரெண்டும் ஒரே ஏசி! கையால செய்யறதுன்னு முடிவானா நான் பேண்டட் மெயிலைத்தான் சொல்வேன்.

---

சுருளோலை:

கையால செய்யாத வழி ஒண்ணு இருக்கு, உங்க 1,100 தங்கத்துக்குள்ளேயே அடங்கும்.

ஃபேப்ரிகேட், மூலப்பொருளை முடிச்ச பொருளா மாத்தற 5-ஆம் லெவல் ஸ்பெல், 9-ஆம் லெவல் விசார்ட் வேணும். மந்திரச் சுருளா வாங்காதீங்க: 25 × 5 × 9 = 1,125 தங்கம், மேல மூலப்பொருள் 500. கடையில புதுசே 1,500தான். மாறா ஆளைப் பிடிச்சுக் கூலி கொடுத்தா 9 × 5 × 10 = 450. மூலப்பொருளோட சேர்த்து 950. அளவு ஒரு பிரச்சினையே இல்லை: உலோகம்னா லெவலுக்கு ஒரு கன அடி வரைக்கும் செய்யலாம், 50 பவுண்டு இரும்பு ஒரு கன அடியில பத்துல ஒரு பங்குதான்.

சிக்கல் வேற இடத்துல. நுணுக்கமான பொருளுக்கு கிராஃப்ட் செக்கை ஸ்பெல் போடறவர்தான் போடணும், பக்கத்துல நிக்கற உங்க ஃபைட்டர் இல்லை. ஊர் விசார்டுக்குக் கவசம் அடிக்கத் தெரியாது. இன்டெலிஜென்ஸ் 18, ரேங்க் இல்லைன்னா டேக் 10ல 14தான். உங்க விசார்ட் அவர் மேல கிராஃப்டர்ஸ் ஃபார்ச்சூன் போட்டா 14 + 5 = 19. டிசி 19, சரியா பொருந்தும். ஸ்பெல் போடறப்ப டேக் 10க்கு ஜிஎம் ஒத்துக்கறாரான்னு பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

மிச்சம் 150 தங்கம். மாஸ்டர்வொர்க் டிரான்ஸ்ஃபர்மேஷன் 2-ஆம் லெவல் ஸ்பெல், உங்க விசார்டே போடலாம். ஒரு மணி நேரம் ஆகும், மந்திரப் பொருள் செலவு சாதா கவசத்துக்கும் மாஸ்டர்வொர்க்குக்கும் உள்ள விலை வித்தியாசம், அதாவது 150. ஆக சரியா 1,100. ஸ்பெல் அவர் புத்தகத்துல ஏற்கெனவே இருக்கணும், வாங்கி எழுதணும்னா காசு பத்தாது. 5-ஆம் லெவல் ஸ்பெல் கூலிக்குக் கிடைக்க ஊர் குறைஞ்சது பெரிய டவுன் அளவுல இருக்கணும்.

---

டைஸ்மூட்டை:

விதியையே மாத்தச் சொல்லி ஜிஎம் கிட்ட கேட்டா என்ன? வெள்ளியை எடுத்துட்டு தங்கம்னு போட்டா +9லயே 1,500 / 361, 5 வாரம்தான்.

---

பட்டறைக்காரன்:

பல மேசைகள்ல அப்படித்தான் ஆடறாங்க. ஆனா ஒண்ணை ஜிஎம் கவனிக்கணும்: +20 ஆள் அப்ப ரெண்டு வாரத்துல ஒரு ஃபுல் பிளேட் முடிச்சிடுவார். 500 போட்டு 1,500 பெறுமானப் பொருள். கடைக்காரங்க வாங்கின விலையில பாதிதான் தருவாங்கன்னு வச்சாலும் லாபம். அதனால தங்கக் கணக்கு போட்டா டிசி + 10 விதியை எடுத்துடறது நல்லது.

விந்தை என்னன்னா, மந்திர வேலைக்கு இந்தப் பாடே இல்லை. மாஸ்டர்வொர்க் கவசம் கையில இருந்தா +1 ஏத்த ஒரு நாள், +2க்கு 4 நாள். டிசியில 5 கூட்டிக்கிட்டா அது 2 நாளா குறையும். இரும்பு அடிக்க நாலு மாசம், மந்திரம் ஏத்த ரெண்டு நாள்! உங்க ஃபைட்டருக்கு 5 ரேங்க் இருக்கறதால மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் ஃபீட் (சிறப்புத் திறமை) எடுக்கலாம், கவச கிராஃப்ட்டுக்கு +2 சேரும். அப்புறம் மந்திர ஆயுதக் கவச ஃபீட்டையும் எடுத்தா யார் தயவும் இல்லாம ஏத்திக்கலாம்.

---

தூரத்துப்பார்வை:

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடறவங்க இதைப் படிச்சா: அங்க செக்கே கிடையாது. 2014 புத்தகத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 தங்கம், பிளேட்டுக்கு 300 நாள். 2024 புத்தகத்துல விலையைப் பத்தால வகுக்கணும், 150 நாள். ரெண்டுலயும் மூலப்பொருள் பாதி விலை, 750. பாத்ஃபைண்டர் மாதிரி உதவிக்கு +2 இல்லை. கருவியில பயிற்சி இருக்கற ரெண்டாவது ஆள் சேர்ந்தா நேரம் நேரடியா பாதி.

---

அஞ்சாம்லெவல்:

விசார்ட் புத்தகத்துல ரெண்டு ஸ்பெல்லும் இருக்கு. ஊர் பெரிய டவுன். ஃபேப்ரிகேட் வழியில போறேன். வேற எதுலயாவது மாட்டிக்குவேனா?

---

சுருளோலை:

ஒண்ணு இருக்கு. ஃபுல் பிளேட் ஒவ்வொண்ணும் அணியறவர் உடம்புக்குத் தனியா அளவெடுத்துச் செய்யணும்னு கவச விவரத்துலயே இருக்கு. வேற ஒருத்தருக்குச் செஞ்சதை மாத்த 2டி4 (நாலு முக டைஸ் ரெண்டு) × 100 தங்கம், அதாவது 200-லேர்ந்து 800 வரை. உங்க கையில அப்ப ஒரு காசு இருக்காது. ஃபேப்ரிகேட் போடற நேரத்துல ஃபைட்டர் எதிர்லேயே நிக்கறார், தோள், மார்பு, தொடை அளவெல்லாம் எடுத்தாச்சுன்னு வாய்விட்டு ஜிஎம் கிட்ட சொல்லிடுங்க. அளவு எடுத்தீங்களான்னு அவர் பின்னாடி கேட்டா பதில் இருக்கணும்.