ஹெலனின் தப்பியோட்டம்: 'வைல்ட்ஃபெல் ஹால்' வாசிப்பு அனுபவங்கள்

கொடுமைக்காரக் கணவனிடமிருந்து மகனோடு தப்பியோடும் ஹெலனின் கதைதான் ஆன் பிரான்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848). அதை வாசிக்கப்போகிறவர்கள் முதலில் கையிலிருக்கும் பதிப்பைச் சரிபார்த்துவிடுங்கள். 1854-இல் வந்த மலிவுப் பதிப்பில், கதைசொல்லி கில்பர்ட் தன் மைத்துனருக்கு எழுதும் தொடக்கக் கடிதத்தையும் அத்தியாயத் தலைப்புகளையும் வெட்டிவிட்டார்கள். குறைபட்ட அந்தப் பாடமே பின்னர் பல பதிப்புகளுக்கு மூலமாகிவிட்டது. உங்கள் பிரதி கடிதமில்லாமல் நேராக 1827-இன் இலையுதிர்காலத்தில் தொடங்கினால், அது அந்த வகைதான். கடிதம் போனால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பெண்ணின் நாட்குறிப்பை ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு எடுத்தனுப்புகிறான் என்பதே நாவலின் கட்டமைப்பு. 16-ஆம் அத்தியாயம் முதல் 44 வரை நாம் கேட்பது ஹெலனின் குரல். அது யார் கையால் நம்மிடம் வந்து சேர்கிறது என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

—

இதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "இவ்வளவு கொடுமை இருந்தும் ஏன் முன்பே கிளம்பவில்லை, ஏன் விவாகரத்து கேட்கவில்லை?" என்று வாசகர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கதை நடப்பது 1820-களின் இங்கிலாந்தில். மனைவி கையால் சம்பாதித்த காசும் அன்று கணவனுக்கே சொந்தம். அவள் சம்பாத்தியம் அவளுடையது என்று சொன்ன சட்டம் 1870-இல்தான் வந்தது. சொத்துரிமை முழுமையாகக் கிடைக்க 1882 ஆயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்ற நிலையே 1839-இல்தான் பிறந்தது. விவாகரத்துக்கென்று நீதிமன்றம் வந்தது 1857-இல். அதிலும் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும். மனைவியோ அதற்கு மேல் கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு 40-ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். கணவன் ஹண்டிங்டன் ஹெலனின் நாட்குறிப்பைப் பிடுங்கிப் படிக்கிறான், சாவிகளை வாங்குகிறான், பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொள்கிறான், வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான். மாதம் ஒரு சிறு தொகை தருவதாகச் சொல்கிறான். இதில் எதற்கும் அவள் வழக்குப் போட முடியாது. ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்ற அவள் திட்டம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. குறிபார்த்து அந்தப் பிழைப்பையே எரிக்கிறான். வெறும் குடிவெறி என்று இதைக் கடந்துபோகிற வாசிப்பு எனக்கு ஏற்புடையதல்ல.

மகன் விஷயமும் அப்படித்தான். அப்பன் பிள்ளைக்கு மதுவைப் பழக்குகிறான். அதை வெறுக்கச் செய்ய அவள் அதே மதுவில் வாந்தி மருந்தைச் சிறிதளவு கலந்து கொடுக்கிறாள். அவளைக் கடைசியில் வெளியேற வைப்பது தன் துயரத்தைவிட இந்தப் பிள்ளையின் எதிர்காலம்தான். அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நொடியிலிருந்து சட்டம் கணவன் பக்கம் நிற்கிறது. அதனால்தான் அத்தனை முன்னெச்சரிக்கை: தாயின் பிறந்தவீட்டுப் பெயரான கிரஹாம், படத்தின் மூலையில் பொய்யான முதலெழுத்துகள், படத்தில் உள்ள வீட்டுக்கே ஒரு பொய்ப் பெயர். படங்கள் லண்டனுக்குப் போய்விடுகின்றன என்று சிறுவன் வாய்தவறிச் சொல்வது ஐந்தாம் அத்தியாயத்தில். முதல் வாசிப்பில் சாதாரணமாகத் தெரியும் அந்த வரி, நாட்குறிப்பைப் படித்த பிறகு திகிலூட்டும்.

—

ஆனின் அக்கா சார்லட்டின் 'ஜேன் ஐர்' (1847) நாவலை இதன் பக்கத்தில் வைத்துக் காசுக் கணக்காகவே படிக்கலாம். ஆசிரியை ஜேனுக்கு லோவுட் பள்ளியில் ஆண்டுக்கு 15 பவுன் சம்பளம், ரோச்செஸ்டரின் தார்ன்ஃபீல்ட் மாளிகையில் 30. பிறகு சித்தப்பா விட்டுச்சென்ற 20,000 பவுனை ஜேன் நான்காகப் பிரித்து, தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். ரோச்செஸ்டரிடம் திரும்பிப் போகும்போது அவள் யார் சம்பளத்திலும் இல்லை. அதே புத்தகத்தில் 30,000 பவுனோடு வந்த ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா மாடியில் அடைபட்டுக் கிடக்கிறாள். அந்தத் திருமணமே அந்தப் பணத்துக்காக அவன் தந்தை ஏற்பாடு செய்தது. ஜேனின் விடுதலையை மட்டும் கொண்டாடும் வாசிப்புகளில் இந்தத் தொகை காணாமல் போய்விடுகிறது.

—

'வைல்ட்ஃபெல் ஹால்' நாவலின் 47-ஆம் அத்தியாயத்தையும் விடாதீர்கள். நோயில் விழுந்த கணவனைப் பார்க்கத் திரும்பும் ஹெலனை 'பொறுமைசாலி மனைவி' என்று எழுதிவிடுகிறார்கள். அவளோ, மகன் முழுக்கத் தன் பொறுப்பில் இருப்பான், வேண்டும்போது அழைத்துப் போவேன் என்று தாளில் எழுதி, பணிப்பெண் ரேச்சலைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே பிள்ளையைக் கண்ணில் காட்டுகிறாள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள அன்றைய பொதுச்சட்டம் இடம் தரவில்லை. ஆக அந்தத் தாள் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனாலும் கையெழுத்துக்கு அவள் விடாப்பிடியாக நிற்கிறாள்.