மேனுவலுக்கும் நாவலுக்கும் ஒரே சாஃப்ட்வேர் போதுமா?

கேள்வி: யாங்கூன்லேர்ந்து எழுதுறேன் அண்ணே. பகல்ல ஜெனரேட்டர் மேனுவல், ராத்திரில தமிழ் நாவல். மேனுவல்ல பர்மிய வரியும் வருது, வேர்ட்ல ஒரு படத்த நகத்துனா மொத்தப் பக்கமும் கலைஞ்சு போவுது, என்ன பண்றது?

பதில்: மேனுவலுக்கு லாடெக் போங்க தம்பி, கட்டளையா எழுதிக் குடுத்தா பக்கத்த அதுவே அடுக்குற சாஃப்ட்வேர். அதுல பிடிஎஃப்லாடெக்ங்கிற வகை வேணாம், ஸீலாடெக் இல்லாட்டி லுவாலாடெக் வகை எடுங்க, அப்பதான் யூனிகோட் ஃபான்ட்ட நேரா எடுக்கும், பட நம்பர், பொருளடக்கம் எல்லாம் அதுவே பாத்துக்கும். ஸாவ்ஜிங்கிற, யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய பர்மிய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் இருந்தா மொதல்ல யூனிகோடுக்கு மாத்திருங்க, 2019ல மியான்மர் நாடே யூனிகோடுக்கு மாறிருச்சுல்ல.

இன்னொருத்தர் பதில்: நாவலுக்கும் லாடெக்கா, கொசுவ அடிக்க பீரங்கியா! வேர்ட் மாதிரியே இருக்குற லிப்ரெஆபீஸ் ரைட்டர் போதும், காசும் கெடையாது. நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போவும்னு தெரியாது, ஆட்டோசேவ 2 நிமிஷத்துக்கு வைங்க, நான் ஒரு அத்தியாயமே தொலைச்சவன்.

கேட்டவர்: சரிண்ணே, ரெண்டையும் இன்னைக்கே இறக்குறேன், கரண்ட் இருந்தா.