மூன்றாவது கோல்கீப்பராகச் சென்னைக்கா, முதல் கோல்கீப்பராகச் சேலத்திலா?

தோட்டத்துக் கணக்கர், ஏற்காடு:

வணக்கம். நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். என் மகனுக்கு வரும் ஆவணியில் பதினாறு வயது நிறைகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் கால்பந்தாட்டத்துக்கு ஆள் குறைந்த ஒரு நாளில், உயரமானவன் என்ற ஒரே காரணத்துக்காகக் கோல் கம்பத்தின் கீழ் நிறுத்தப்பட்டவன், அந்த இடத்தை விட்டு இதுவரை வரவில்லை. இப்போது ஐந்து அடி ஒன்பது அங்குலம் இருக்கிறான். சேலத்தில் ஒரு சங்க அணிக்காக ஆடுவதற்கு வார இறுதிகளில் விடியுமுன்பே பேருந்தேறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய், மாலையில் முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு திரும்புவான்.

இப்போது இரண்டு வழிகள் முன்னே இருக்கின்றன. சென்னையில் ஒரு பயிற்சிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. ஆனால் அவனுடைய வயதுப் பிரிவில் ஏற்கெனவே இரண்டு கோல்கீப்பர்கள் இருப்பதால், முதல் ஆண்டில் போட்டிகளில் இறங்கும் வாய்ப்பு அநேகமாக இருக்காது என்று அவர்களே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். சேலத்திலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால், சங்க அணி அவனை முதல் கோல்கீப்பராக எல்லா ஆட்டங்களிலும் நிறுத்தும். ஆனால் அங்கே கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் கிடையாது. மற்றவர்கள் பயிற்சியை முடித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் இவன்மேல் பந்தை அடிப்பார்கள், அவ்வளவுதான்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பந்து உள்ளே போனால் எல்லோரும் என் மகனைத்தான் திட்டுவார்கள் என்பதைத் தவிர இந்த விளையாட்டில் எனக்கு அதிகம் தெரியாது. எந்த வழி நல்லது? அவன் உயரம் போதுமா? இதில் பிழைப்பு உண்டா?

ஓமலூர் பயிற்சியாளர்:

ஐயா, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆடக் கிடைக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எத்தனை உயரமானவனாலும் நின்ற இடத்திலிருந்து அதை அடைக்க முடியாது. பெனால்டிப் புள்ளி 11 மீட்டரில் இருக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அந்தத் தொலைவை 0.4 நொடியில் கடந்துவிடும். பார்த்த பிறகு பாய்வதற்கு அங்கே நேரமில்லை. அடிப்பவனின் இடுப்பும் ஊன்றிய காலும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை வைத்து முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தின் மூலையிலிருந்து எதிரணி அடிக்கும் கார்னர் உதை வரும்போது வெளியே வந்து குத்துவதா, கோட்டிலேயே நிற்பதா, எதிராளி தனியாக ஓடி வரும்போது எத்தனை அடி முன்னேறினால் அவன் கண்ணுக்குக் கோல் சிறுத்துத் தெரியும் என்பவையெல்லாம், தோற்றுவிடுவோமோ என்ற பயம் உள்ள ஆட்டத்தில்தான் பழக்கமாகும். பயிற்சியில் பந்து உள்ளே போனால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றுவிடலாம் அல்லவா?

அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010இல், பதினேழு வயதில், ஆர்சனலில் சேர்ந்தார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆட்டம் வேண்டும் என்பதற்காகவே ஆறு கிளப்புகளுக்குக் கடனாகப் போய்வந்தார். 2020 ஜூனில் முதல் கோல்கீப்பருக்குக் காயம் ஏற்பட்டு இடம் கிடைத்தபோது இவருக்கு இருபத்தேழு வயது. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் நீட்டிய இடது காலால் அவர் தடுத்த பந்தை உங்கள் மகன் நிச்சயம் பார்த்திருப்பான், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அவன் கால்களையும் கவனியுங்கள். சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. 2025இல் வந்த மாற்றத்தின்படி, கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே பதினோராவது ஆளாக நின்று பந்தைப் பரிமாறத் தெரியாதவனை இன்று எந்த அணியும் எடுப்பதில்லை. சேலத்தில் தனிப் பயிற்சியாளர் இல்லாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் மற்ற வீரர்களோடு சேர்ந்து அவனும் காலால் ஆடட்டும், அதற்குச் செலவில்லை.

பழைய ஒன்றாம் நம்பர், சென்னை (ஊர் ஆத்தூர்):

பயிற்சியாளர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறு பாதிக்கு என் வலது தோள்தான் பதில். கோல்கீப்பராக ஆடிய எனக்கும் உங்கள் மகனைப் போலவே ஆட்டங்கள் நிறையக் கிடைத்தன, கற்றுக்கொடுக்க ஆளில்லை. இறுகிப்போன செம்மண் தரையில் கையை ஊன்றி விழுந்து விழுந்து, இருபத்து மூன்று வயதில் தோள் மூட்டு நழுவியது. பக்கவாட்டில் விழும்போது முழங்காலின் வெளிப்புறம், தொடை, இடுப்பு, பிறகு தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும், முழங்கை உடம்புக்கு அடியில் சிக்கக்கூடாது என்பதை எனக்கு ஒருவர் சொன்னபோது வயது இருபத்தைந்து. பதினாறு வயதில் தவறாகப் படிந்த பழக்கத்தைப் பின்னால் அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

பெஞ்சில் உட்காருவதை வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். அங்கே லீக் ஆட்டத்தில் இறங்கியது 2016இல்தான். அதன்பின் 2017இல் இந்தியாவுக்குத் திரும்பி, பெங்களூரு அணியில் சேர்ந்து, இந்திய அணியின் கோலில் பல ஆண்டுகள் நின்றார். ஆனால் அவர் அங்கே போனபோது ஏற்கெனவே வளர்ந்த வீரர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே சென்னைப் பயிற்சிக்கூடத்திடம் இவற்றைக் கேளுங்கள்: கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? முதல் அணியில் இறங்காத பையன்களுக்கு வேறு போட்டி உண்டா? படிப்புக்கு என்ன ஏற்பாடு? இவற்றுக்குத் தெளிவான பதில் வராமல் கட்டணத்துக்கான கடைசித் தேதி மட்டும் தெளிவாக வந்தால், பேருந்துச் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்களை முன்கள ஆட்டக்காரர்களுக்கும் நடுத் தடுப்பாளர்களுக்கும் செலவிடுவதால், கோலில் பெரும்பாலும் இந்தியர்தான் நிற்கிறார். இது நல்ல செய்தி. ஆனால் அணிக்கு ஒருவர்தான் நிற்க முடியும். மாற்று ஆட்டக்காரராகவும் நடுவில் இறக்கமாட்டார்கள். 2025 ஜூலையில் அந்த லீக்கையே நிறுத்திவைத்தபோது, ஒப்பந்தம் கையில் இருந்தவர்களே கலங்கிப்போனார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டது சென்னை லீக்கில் ஆடும் அலுவலக அணிகள்தான். இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்றவற்றின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு இடம் உண்டு. இவை எதற்கும் சான்றிதழ் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அவசரப்படவும் தேவையில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் முப்பதைத் தாண்டியதும் ஓய்வைப் பற்றி யோசிக்கையில், இத்தாலியின் டீனோ சோஃப் நாற்பது வயதில் தலைவராக நின்று 1982 உலகக் கோப்பையை வாங்கினார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் நாற்பத்தைந்து வயதில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். நம் பீட்டர் தங்கராஜ் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு வந்தபோது முன்கள ஆட்டக்காரர். பிறகுதான் கோலுக்குப் போனார். 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடியதும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்ததும் அதற்குப் பிறகுதான்.

அஸ்தம்பட்டி வாசகர்:

உயரத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. மெக்சிகோவின் ஹோர்ஹே கம்போஸ் ஐந்தரை அடியைச் சற்றே தாண்டியவர். 1994 உலகக் கோப்பையில் ஆடினார். ஆனால் அது அந்தக் காலம். இன்று தேர்வுக்குப் போனால் முதலில் அளவுநாடாதான் வரும் என்பதால், பையன் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் நல்லது. அடுத்து, கையுறை. விலை உயர்ந்த லேடெக்ஸ் கையுறையைச் சேலத்து வெயிலில் உலர்ந்த சரளைத் தரையில் போட்டால் மூன்றே வாரத்தில் உரிந்துவிடும். பயிற்சிக்குப் பழையதையும் ஆட்டத்துக்கு நல்லதையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போடுமுன் உள்ளங்கைப் பக்கத்தைத் தண்ணீரில் நனைத்தால்தான் பிடி கிடைக்கும்.

தோட்டத்துக் கணக்கர், ஏற்காடு:

எல்லோருக்கும் நன்றி. சென்னைக்குத் தொலைபேசியில் பேசினேன். கோல்கீப்பர் பயிற்சியாளர் வாரத்தில் ஒரு நாள் வருகிறாராம். முதல் அணிக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தனிப் போட்டி இல்லையாம். ஆகவே பதினொன்றாம் வகுப்புக்குச் சேலம்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். மகனுக்கு முகம் சற்று வாடித்தான் போயிற்று. மார்ட்டினெஸ் கதை அவனுக்கு முன்பே தெரியுமாம், ஆறு கிளப்புகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னான்.

ஆத்தூர்க்காரருக்கு ஒரு கேள்வி. விழுந்து பழகுவதற்காகத் தோட்டத்துப் பழைய காபிச் சாக்குகளில் தேங்காய் நாரை அடைத்து, நான்கைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நின்றபடியே அதன்மேல் பாயலாமா?

பழைய ஒன்றாம் நம்பர், சென்னை (ஊர் ஆத்தூர்):

இப்போது வேண்டாம். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்தும், பிறகு முழங்காலிட்ட நிலையிலிருந்தும் இரு பக்கமும் விழட்டும். அது பழகிய பிறகு குந்திய நிலைக்கு வரலாம். நின்று பாய்வது கடைசியில். இடது பக்கம் விழத் தயங்குவான். அந்தப் பக்கம் இரண்டு மடங்கு செய்யச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் காந்தி மைதானத்துக்கு அழைத்து வாருங்கள், பார்த்துவிடலாம்.