மூலப் பத்திரம் தொலைந்துபோன வீடு, பட்டா இறந்தவர் பெயரில்: டோக்கன் கொடுக்கலாமா?

கேள்வி: வீடுதேடி

தாம்பரம் பக்கத்தில் பழைய தனி வீடு. மனை 1,200 சதுர அடி, தரைத்தளம் மட்டும். விலை 62 லட்சம் என்று பேசி முடித்திருக்கிறோம், அதில் 40 லட்சம் வங்கிக் கடன். 1991-ல் கிரயம் வாங்கியவர் 2016-ல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். விற்க வந்திருப்பது மூத்த மகன். அவர் காட்டியவை:

1991 கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ் (அசல் வீடு மாறும்போது தொலைந்ததாம்). வாரிசுச் சான்றில் நான்கு பேர்: மனைவி, இரண்டு மகன்கள், சிங்கப்பூரில் இருக்கும் மகள். பட்டா இன்னும் அப்பா பெயரில், பரப்பு 0 - 1.05 என்று இருக்கிறது. 2000 முதல் போட்ட ஈசியில் (வில்லங்கச் சான்று) வில்லங்கம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் ரொக்கமாக டோக்கன் கேட்கிறார், "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பத்திரப்பாளையம்

வேண்டாம். இன்னொரு பார்ட்டி எப்போதும் ரெடியாகத்தான் இருக்கும்.

முதலில் ஈசி. வாங்கியது 1991-ல், நீங்கள் பார்த்தது 2000 முதல். அப்பா வாங்கிய கிரயமே அதில் வராது, 1991 முதல் 2000 வரை அவர் எங்காவது அடமானம் வைத்திருந்தால் அதுவும் வராது. பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதல் இன்று வரை சர்வே எண் போட்டுத் தேடுங்கள், பார்வையிடக் கட்டணம் இல்லை. சார்பதிவகம் இடையில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தனியாகத் தேட வேண்டும். இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது அசல் பத்திரம். தொலைந்தது என்றால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே தொலைந்திருக்கும், அல்லது யாரிடமோ இருக்கும். வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, ஒப்படைப்பு ஆவணத்தைப் பதிவு செய்திருந்தால் ஈசியில் தெரியும். தனியாரிடம் புரோநோட்டு எழுதிப் பத்திரத்தைக் கொடுத்து வைத்திருந்தால் எந்த ஈசியிலும் தெரியாது. அதனால் "தொலைந்தது" என்று வாயால் சொன்னால் போதாது. விற்பவர்கள் செய்ய வேண்டியது: காவல் நிலையத்தில் புகார், ஒரு தமிழ் நாளிதழிலும் ஒரு ஆங்கில நாளிதழிலும் பத்திர எண், ஆண்டு, சர்வே எண்ணோடு அறிவிப்பு, பிறகு ஆய்வாளரிடமிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவகத்திலிருந்து சான்றிட்ட நகல். இதற்குச் சில வாரங்கள் ஆகும். செலவு அவர்களுடையது.

முன்பு தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ இருந்தது, அசல் இல்லாமல் பதிவு இல்லை என்று. அதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதே மாதம் சட்டசபையில் அசலைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா நிறைவேறியது. அந்த வாதத்துக்குள் நீங்கள் போக வேண்டாம். சார்பதிவாளர் என்ன சொன்னாலும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல் துறைச் சான்று இல்லாமல் உங்கள் வங்கியின் வக்கீல் ஒப்புதல் எழுத மாட்டார்.

பதில்: வாரிசுக்கணக்கு

ஒரு கேள்வி. 2016-ல் அவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? குடும்பம் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு கேட்கிறேன்.

வீடுதேடி

ஆமாம் சார், இந்துதான். விசாரித்தேன். பாட்டி 2019-ல்தான் இறந்திருக்கிறார், உயில் இல்லை. தாத்தா அதற்கு ரொம்ப முன்பே போய்விட்டார். பாட்டிக்கு இவரைத் தவிர ஒரு மகளும் ஒரு மகனும். ஆனால் வாரிசுச் சான்றில் நான்கு பேர்தானே இருக்கிறது?

பதில்: வாரிசுக்கணக்கு

சான்றின் தேதியைப் பாருங்கள். 2019-க்குப் பிறகு வாங்கியிருந்தால் பாட்டி பெயர் வராமல் போயிருக்கும். வாரிசுச் சான்று பங்கை நிர்ணயிக்காது, இன்னார் வாரிசு என்று தாசில்தார் சொல்வதோடு சரி.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. ஆக 2016-ல் ஐந்து பங்கு, பாட்டிக்கு ஐந்தில் ஒன்று. 2019-ல் பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு மூன்றாகப் பிரிகிறது: அவருடைய மகள், இன்னொரு மகன், 2016-லேயே இறந்த மகனின் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒரு கூறு. மருமகளுக்கு இதில் பங்கில்லை.

45 பங்காகக் கணக்கிட்டால் சுலபம்: மனைவிக்கு 9, மூன்று பிள்ளைகளுக்குத் தலா 10, பாட்டியின் மகளுக்கு 3, இன்னொரு மகனுக்கு 3. 62 லட்சத்தில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தலா சுமார் 4.13 லட்சம். சின்னத் தொகைதான், ஆனால் அந்த இருவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் 45-ல் 6 பங்கு உங்களுக்கு வராது. பிறகு பாகப்பிரிவினை வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள்.

அவர்களிடம் தனியாக விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்குவதைவிட, கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொடுப்பவர்களாகச் சேர்ப்பது நேர்வழி. தனி முத்திரைத் தீர்வை இல்லை. பணம் வேண்டாம் என்று சொன்னாலும் கையெழுத்து வேண்டும்.

பதில்: சங்கிலிக்காரர்

பட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 0 - 1.05 என்றால் 1.05 ஏர், அதாவது 105 சதுர மீட்டர். 10.764-ஆல் பெருக்கினால் 1,130 சதுர அடி. பத்திரம் 1,200 என்கிறது. 70 சதுர அடி எங்கே போனது? சாலைக்குப் போயிருக்கலாம், பக்கத்து மனையின் சுவர் உள்ளே வந்திருக்கலாம், உட்பிரிவு அளக்கும்போதே குறைந்திருக்கலாம். எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தை எடுத்து, சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இடத்தில் இருப்பதற்குத்தான் விலை பேச வேண்டும், பத்திரத்தில் இருப்பதற்கு அல்ல.

பட்டாவை விற்பனைக்கு முன்பே வாரிசுகள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விற்பவர்கள் பெயரும் பட்டாப் பெயரும் ஒத்துப்போய், உட்பிரிவும் தேவைப்படாவிட்டால், பதிவானதும் பட்டா தானாக உங்கள் பெயருக்கு மாறும். இல்லையென்றால் நீங்கள்தான் விஏஓ ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

பதில்: ஆடிட்கணக்கு

சிங்கப்பூர் மகள் விஷயத்தில் இரண்டு சிக்கல்.

ஒன்று, பவர், அதாவது அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம், அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அரசு தரும் சான்று) பெறலாம். அந்தப் பவர் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொண்டுபோய் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குப் புதிதாக எடுத்த உயிர்வாழ்வுச் சான்றும் கேட்பார்கள். "தங்கை எழுதிக் கொடுத்துவிடுவாள்" என்ற பேச்சை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

இரண்டு, டிடிஎஸ், அதாவது விலையில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. மொத்த விலை 50 லட்சத்தை எட்டினால் உள்நாட்டில் இருப்பவர்களுக்கு 1 சதவீதம். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே என்ற வாதம் 2024 அக்டோபரிலிருந்து எடுபடாது. ஆனால் மகள் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் அவருக்குப் பொருந்தாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 13. அவர் பங்கு சுமார் 13.78 லட்சம், அதில் சுமார் 1.79 லட்சம். லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்றால் அவர்தான் முன்கூட்டியே வருமான வரித் துறையில் குறைந்த விகிதச் சான்று வாங்கித் தர வேண்டும். 1 சதவீதம் பிடித்துவிட்டு இருந்தால், மீதியை வட்டியோடு உங்களிடம்தான் கேட்பார்கள்.

பணத்தை ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். மூத்த மகன் கணக்கில் மொத்தமாகப் போடாதீர்கள். ரொக்க டோக்கன் வேண்டவே வேண்டாம்: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். இதை அவரிடம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அவசரம் கொஞ்சம் குறையும்.

பதில்: பத்திரப்பாளையம்

பதிவுச் செலவையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் 4,34,000, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 1,24,000. மொத்தம் 5,58,000, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) உங்கள் விலையைத் தாண்டாத வரை. இதற்கு வங்கி கடன் தராது.

முன்பணம் கொடுப்பதாக இருந்தால் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்த பிறகுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் தொலைந்த சான்று, பட்டா, பவர் மூன்றும் வந்த பிறகே கிரயத்துக்கான கெடு ஓடத் தொடங்கும் என்று எழுதுங்கள். அளவு குறைந்தால் விலை குறையும், வங்கி வக்கீல் மறுத்தால் முன்பணம் இத்தனை நாளில் திரும்பும் என்பதையும் சேருங்கள்.

வீட்டு வரி, மின்கட்டண நிலுவை எல்லாம் பதிவுக்கு முந்தின வாரம் பார்த்தால் போதும்.

வீடுதேடி

டோக்கன் கொடுக்கவில்லை. அத்தை கையெழுத்துப் போடச் சம்மதம். ஆனால் சித்தப்பா 2021-ல் இறந்துவிட்டாராம். மனைவியும் 15 வயது மகனும் மட்டும் இருக்கிறார்கள். மனைவி கையெழுத்துப் போட்டால் போதுமா?

பதில்: வாரிசுக்கணக்கு

போதாது. அவருடைய 45-ல் 3 பங்கு மனைவிக்குப் பாதி, மகனுக்குப் பாதி. மகன் மைனர். தாயே காப்பாளர் என்றாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதினால், பையனுக்கு 18 முடிந்து மூன்று ஆண்டுக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இப்போது 15 என்றால் இன்னும் ஆறு ஆண்டு அந்தக் கத்தி தொங்கும். பிற்பாடு பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்ற உறுதிமொழிக் கடிதத்தை வங்கி ஏற்காது.

மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். மைனர் பங்கு சுமார் 2.07 லட்சம், அதை அவன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போடச் சொல்லித்தான் பெரும்பாலும் உத்தரவு வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்து இனி ஏழு பேருடையது, மைனருக்காகத் தாய் போடுவதையும் சேர்த்து. கெடு தொடங்கும் நிபந்தனைகளில் அந்த உத்தரவை நான்காவதாக எழுதிக்கொள்ளுங்கள்.