ஜார்ஜ் டவுனில் இருவருக்கு ஒரு நாள்: கொடிமலை ஏறுவதா, தெருவில் நடப்பதா?

நடைவிரும்பி:
சென்ற பிப்ரவரியில் நானும் என் மனைவியும் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு முழு நாளைக் கழித்தோம். நகருக்கு வெளியே உள்ள கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயிலுக்கும் போகவில்லை என்று சொன்னதும், "அப்படியானால் அங்கே எதைத்தான் பார்த்தீர்கள்?" என்று உறவினர்கள் கேட்டனர். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு நாள்தான் வாய்க்கிறது என்றால், பழைய நகரத்தின் எல்லையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகே உதிக்கிறது என்பதால் எட்டு மணிக்கும் வெயில் இதமாக இருந்தது. தமிழர்கள் கடைத்தெரு என்று அழைக்கும் லெபு பாசாரில் தோசையும் காப்பியும் முடித்துக்கொண்டு, 1801இல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து வடக்கே நடந்தோம். 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், ஊதுவத்திப் புகை சூழ்ந்த, சீனர்கள் வழிபடும் குவான் யின் கோயில், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகிய எல்லாம் ஒரே தெருவை ஒட்டி, ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நண்பகலில் அறைக்குத் திரும்பித் தூங்கினோம். நான்கு மணிக்குச் செண்டோல் என்னும் தேங்காய்ப்பால் குளிர்பானம் குடிக்கப் புறப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து ஓடும் ஐந்தடி நடைபாதையில் முக்கால் மணி நேரம் நின்றோம். பதினொரு ஆண்டுத் திருமண வாழ்வில் என் மனைவி அதுவரை சொல்லாத தன் முதல் வேலையின் கதையை அங்கேதான் சொன்னார். பிறகு சியூ படகுத்துறையின் மரப்பலகைகளில் நடந்து, பாடாங் கோத்தா கடற்கரையில் அமர்ந்தோம்; ஏழரை மணி வரை வெளிச்சம் இருந்தது.

பயணக்கணக்கன்:
நண்பர் நடைவிரும்பியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அதைப் பிறருக்கான பரிந்துரையாக ஏற்க என்னால் இயலவில்லை. நம்மில் பலருக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, விடுப்புக்கு மன்றாடியும் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தும் கிடைக்கும் ஒன்று. அப்படிப் போய்விட்டு, 1890இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கட்டப்பட்டு, சீன, தாய்லாந்து, பர்மியக் கட்டட மரபுகள் மூன்றையும் ஒரே கோபுரத்தில் அடுக்கியிருக்கும் கெக் லோக் சியைப் பார்க்காமல் வருவது எனக்கு இழப்பாகவே தோன்றுகிறது.

மலையேற்றம் களைப்பு தரும் என்ற எண்ணமும் சரியன்று. கொடிமலையில் 1923ஆம் ஆண்டு முதல் கம்பிவட இரயில் ஓடுகிறது. 2011இல் புதிய பெட்டிகள் வந்த பிறகு சில நிமிடங்களில் உச்சியை அடைந்துவிடலாம். மலை ஏறத்தாழ 830 மீட்டர் உயரம் என்பதால், கீழே 32 பாகை வெயில் அடிக்கும்போது மேலே நான்கைந்து பாகை குறைவாக இருக்கும். நண்பகல் வெயிலுக்கு அஞ்சி நீங்கள் குளிர்பதன அறையில் படுத்திருந்த அந்த மூன்று மணி நேரத்தை, மர நிழலில், கடலையும் நகரத்தையும் பார்த்தபடி கழித்திருக்கலாம். ஓய்வு தேடுகிறவருக்கே அது பொருத்தமான இடம்.

நடைவிரும்பி:
வெப்பத்தைப் பற்றிய உங்கள் வாதம் வலுவானது; அதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. ஆயினும் நண்பகலில் மலையடிவாரத்தில் வரிசை நீண்டுவிடுகிறது, பிற்பகலில் மேகம் மூடினால் மேலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முன்பு பாங்காக்கில் நாங்கள் பட்டியல் வைத்துக்கொண்டு சுற்றினோம். அந்த மூன்று நாட்களில் நாங்கள் பேசியதெல்லாம் மணி என்ன, அடுத்த படகு எப்போது, நுழைவுச்சீட்டு எங்கே என்பவை மட்டுமே. இருவர் சேர்ந்து போகும் பயணத்தில் பேச்சுக்கு இடமில்லாமல் போவதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

தண்ணீர்மலைக்காரி:
நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். இருவரின் எழுத்திலும் ஒன்று விடுபட்டிருப்பதால் எழுதுகிறேன்.

ஐயா நடைவிரும்பி, நீங்கள் மாலையில் நடந்த சியூ படகுத்துறை பூங்காவோ கண்காட்சியோ அன்று. கடலில் ஊன்றிய கால்களின் மேல் சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் குடியிருப்பு. இரவு உணவுக்கு மக்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் பயணிகள் கூட்டமும் வருகிறது. வீட்டுக்குள் படம் எடுக்க வேண்டாம் என்று பலர் பலகை வைத்திருக்கின்றனர்.

நீங்கள் ரசித்த கடைவீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் பாதுகாப்பு முற்றிலும் முடிந்தது. அதுவரை குறைந்த வாடகையில் அங்கேயே தொழில் செய்து அங்கேயே குடியிருந்தவர்கள், தமிழர்கள் உட்பட, பெருமளவில் நகரத்தின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு அந்த வீடுகளில் பல தங்கும் விடுதிகளாயின. லெபு ஆர்மேனியனில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த மிதிவண்டிக் குழந்தைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் வாசலைக் கடப்பது எவ்வளவு கடினம் என்பது புரியும். மெதுவாக நடப்பதாலேயே ஒரு பயணி ஊருக்குச் சுமையாகாமல் போய்விடுவதில்லை. எங்கே பசியாறுகிறார், யாரிடம் பொருள் வாங்குகிறார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். தோளில் காவுதடி சுமந்து சோறும் குழம்பும் விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்ததுதான் நாசி கண்டார். 'கண்டார்' என்பதே அந்தத் தடியைக் குறிக்கும் சொல். அந்தத் தொழிலைத் தொடரும் சிறிய கடையில் ஒரு வேளை உண்பது ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பயணக்கணக்கன்:
சகோதரி தண்ணீர்மலைக்காரி சொல்வதில் பெரும்பகுதி நியாயமானது. ஆனாலும் விடுதியாக மாறியதால்தான் இடியாமல் நிற்கும் கட்டடங்களும் அங்கே உள்ளன. லெய்த் தெருவில் உள்ள, சீனச் செல்வர் செயோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகை பாழடைந்து கிடந்து, பிறகு மீட்கப்பட்டு, இன்று விருந்தினர் தங்கும் இடமாக வாழ்கிறது. பயணிகளின் வருகையை வெறும் சுமையாகப் பார்ப்பது சரியாகாது.

தண்ணீர்மலைக்காரி:
மாளிகை மீண்டது எனக்கும் மகிழ்ச்சிதான். மாளிகைக்கு உரிமையாளர் இருந்தார். வாடகைக்கு இருந்த தையற்காரருக்கும் பூக்கட்டுபவருக்கும் யாரும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கயல்:
இதுவரை வந்த எல்லாப் பதிவுகளையும் படித்தேன். ஐயா நடைவிரும்பி, உங்கள் மனைவி எங்கே போக விரும்பினார் என்பது உங்கள் இரண்டு பதிவுகளிலும் ஒரு வரியில்கூட இல்லை. கணவரின் விருப்பத்தை இருவரின் விருப்பமாக எழுதுவது நம் வீடுகளில் வழக்கம். என் கணவரும் அவ்வாறுதான், கடிந்துகொள்ளாமல் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறேன். மலையா தெருவா என்பதை முடிவுசெய்யும் முன் உங்கள் மனைவியைக் கேட்டீர்களா?

நடைவிரும்பி:
கயல் அம்மா, உங்கள் கேள்வியைப் படித்த இரவே அவரிடம் கேட்டேன். கொடிமலைக்குப் போக அவருக்கு ஆசை இருந்திருக்கிறது. பட்டியல் வைத்துச் சுற்றுவது எனக்குப் பிடிக்காது என்று நான் புறப்படும் முன்பே பலமுறை சொல்லிவிட்டதால், அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்சுக்கு இடம் வேண்டும் என்று இங்கே நீளமாக எழுதிய நான் அவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. படகுத்துறைக்கு மாலையில் போனதும் தவறுதான். நான்கு படங்கள் எடுத்தேன், அவற்றில் ஒன்றில் ஒரு வீட்டின் உட்புறமும் தெரிகிறது. அதை அழித்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு மீண்டும் போவதாக இருக்கிறோம். இம்முறை திட்டம் அவருடையது. விடிந்ததும் மலை, நண்பகலில் உறக்கம், மாலையில் ஐந்தடி நடைபாதை என்று எழுதி வைத்திருக்கிறார்.

தண்ணீர்மலைக்காரி:
அப்படியானால் ஜெட்டி முனையத்தில் 204ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரக் கட்டடம் வழியாக மலையடிவாரம் வரை போகும். மேகம் சேர்வதற்கு முன் இறங்கிவிட்டால், திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஆசாம் லக்சா என்னும் புளிப்பான மீன் நூடுல்ஸ் சாப்பிடலாம். கெக் லோக் சியின் கோபுரம் அங்கிருந்தே தெரியும். ஏறுவதா வேண்டாமா என்பதை அக்கா முடிவுசெய்யட்டும்.